அடகு வைக்கும்போது வைரம் எங்கே போகிறது?

வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, எந்த ஊர் வங்கியானாலும் சரி. ஏழு கல் வைரத்தோட்டை நகைக்கடனுக்கு நீட்டினால், மதிப்பீட்டாளர் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே ஆரம்பிப்பார். ரிசர்வ் வங்கி விதிப்படி தங்கத்தின் மதிப்புக்கு மட்டும்தான் கடன். வாங்கும்போது அதிகப் பணம் போனதோ கல்லுக்கு.

தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் திறந்தபின் வைரம் மலிந்திருக்க வேண்டியது. 1888-ல் உருவான டி பியர்ஸ் நிறுவனம் வரத்தை இறுக்கிப் பிடித்தது. சுரங்கத்தைக் கட்டுப்படுத்தலாம்; வீட்டுப் பீரோவில் இருக்கும் கல் சந்தைக்குத் திரும்பினால்? அதற்குத்தான் விளம்பரம். 1938-ல் என்.டபிள்யூ. அயர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார்கள். வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற வாசகத்தை அங்கே விளம்பர எழுத்தாளர் பிரான்செஸ் கெரட்டி 1947-ல் எழுதினார். கேட்கக் காதல் மாதிரி இருக்கும். வியாபாரக் கணக்கில், வாங்கியதை விற்க நினைக்காதே என்பதுதான் அது செய்த வேலை. பழைய கல்லுக்கு நல்ல சந்தை உருவாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கம் வைரத்தோடும் மூக்குத்தியும் இந்த விளம்பரத்தை நம்பி வந்தவை அல்ல. ஆனால் தோஷம் பார்க்கக் கல்லை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள்கூடப் பில்லைச் சரியாகப் படிப்பதில்லை.

வைர எடையில் 1 காரட் என்பது 100 சென்ட், அதாவது 0.2 கிராம். ஒரு ஜோடித் தோட்டில் 14 கல், கல் ஒன்று 5 சென்ட் என்றால் மொத்தம் 70 சென்ட். கல் பெரிதாகப் பெரிதாகக் காரட் விலையே ஏறும். ஆகவே உங்கள் தோட்டுக்கு 5 சென்ட் கல்லின் காரட் விலைதான் பொருந்தும். 70 சென்ட் ஒற்றைக்கல் விலையைக் காட்டி 'தள்ளுபடி' என்றால் நம்ப வேண்டாம். தங்கத்தின் நிகர எடை, கல் எடை, நிறமும் தெளிவும், காரட் விலை, செய்கூலி, 3% ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சேதாரத்தைக் கல்லோடு சேர்ந்த எடைக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே. கல்லுக்கு அது பொறுப்பல்ல.

கடையில் பேனா மாதிரிக் கருவியை வைத்து 'பீப்' சத்தம் காட்டுவார்கள். அது வெப்பம் கடத்துவதை மட்டும் அளக்கிறது. அமெரிக்கன் டைமண்ட் என்ற போலிக் கல் மாட்டிக்கொள்ளும். வைரம் போலவே இருக்கும் மொய்சனைட் என்ற வேறு கல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கார்பன் என்பதால் அதற்கும் 'பீப்' வரும். அதைப் பிரித்தறிய ரத்தின ஆய்வகச் சான்றிதழ் வேண்டும்.

நீலச் சாயல் தெரியும் கல்லை 'ப்ளூ ஜாகர்' என்று கூடுதல் விலை சொன்னால் கவனம். நீல ஒளிர்வு (புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வது) பலமாக உள்ள கல்லுக்கு, அதிலும் நிறத் தரம் உயர்ந்ததாக இருந்தால், வெளிச்சந்தையில் பல நேரம் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

திரும்ப வாங்கும் நிபந்தனையை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கல்லுக்கு எத்தனை சதவீதம், வாங்கிய விலையிலா அன்றைய விலையிலா, கையில் பணமா மாற்று நகையா, பில் தொலைந்தால் என்ன என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆய்வக வைரம் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். அதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது.