கொடைக்கானலில் எது கொடைக்கானல்?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களின் கைப்பேசியைப் புரட்டினால் பைன் காட்டுப் படம் ஒன்றாவது இருக்கும். நேராக உயர்ந்த மரங்கள், இடையில் மூடுபனி, கீழே சருகு மெத்தை. அடுத்த படம் ஏரி. இரண்டுமே அந்த மலையில் தாமாக அமைந்தவை அல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-இல் ஓடை நீரை மறித்து ஏரியை உருவாக்கினார். மெக்சிகோ மலைகளைத் தாயகமாகக் கொண்ட பைன், கடந்த நூற்றாண்டில் மரத்துக்காகத் தோட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. அப்படியானால் அந்த ஊரின் சொந்த இயல்பு எது? இந்தக் கேள்வியை அவரவர் ரசனைக்கு விட்டுவிடாமல், முறைப்படி ஆராய வழிகள் இருக்கின்றன. ஒரு பாதியை நிலவடிவமைப்புத் துறை செய்கிறது. மறு பாதியைச் சுற்றுலா ஆய்வாளர்கள் செய்கிறார்கள்.

நிலவடிவமைப்பாளர்களின் கருவி அடுக்கு வரைபடம். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன் மெக்ஹார்க் 1960-களில் இதைப் பரவலாக்கினார். பாறை, சரிவு, மண், நீரோட்டம், தாவரம், மனிதப் பயன்பாடு என ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. எந்த அடுக்கு எதை முடிவு செய்கிறது என்பது அப்போது தெரியவரும். இன்று அந்தத் தாள்களின் இடத்தில் கணினி இருக்கிறது, தர்க்கம் மாறவில்லை. இங்கிலாந்து இந்த வழியில் தன் நிலப்பரப்பு முழுவதையும் 159 இயல்புப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாவட்ட எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நிலத்தின் போக்கில் போடப்பட்ட கோடுகள் அவை. அந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு: முதலில் இடம் எப்படி இருக்கிறது என்று விவரிக்க வேண்டும், அழகா, மதிப்புள்ளதா என்ற தீர்ப்பு பிறகுதான். சிறிய விதிபோலத் தோன்றினாலும், கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் நடந்த பிழையெல்லாம் இந்த வரிசை தலைகீழானதால் வந்தது என்பேன்.

பழனி மலையின் உச்சிப் பகுதியை இப்படி அடுக்கடுக்காகப் படித்தால், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டரில் ஒரு விசித்திரமான அமைப்பு தெரியும். சரிவுகளிலும் மேடுகளிலும் புல்வெளி; மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டையான, பாசி படிந்த, அடர்ந்த சோலைக்காடு. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல எல்லை. இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் மரங்கள் ஏன் மலை முழுவதையும் பிடித்துக்கொள்ளவில்லை? காற்று, தீ, மண்ணின் ஆழம் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. அவற்றில் முக்கியமானது உறைபனி. மார்கழி, தை மாத இரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது திறந்த நிலம் வெப்பத்தை வேகமாக இழந்து, புல் நுனியில் பனி உறைகிறது. வெப்பமண்டல வம்சத்தைச் சேர்ந்த சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதைத் தாங்குவதில்லை. காட்டுக்குள்ளே மேற்கவிகை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. புல்லுக்கோ, நுனி கருகினாலும் வேர் பத்திரமாக இருக்கிறது.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குரிய பொழுதுகளாகக் கூதிர், முன்பனி, யாமம் மூன்றையும் சொல்கிறது. காதலுக்காகச் சொன்ன இலக்கணம்தான். அதில் தாவரவியலைத் தேடுவது அத்துமீறல். ஆனாலும் இந்த மலையின் உருவத்தைத் தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் முன்பனிக்கால யாமத்தில்தான் நடக்கிறது.

நீலகிரியில் மட்கிய தாவரங்கள் படிந்த சேற்று நிலங்களின் அடுக்குகளில், புல்லும் மரமும் வெவ்வேறு விகிதத்தில் விட்டுச்செல்லும் கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை) ஆராய்ந்தபோது, அங்கே புல்வெளி குறைந்தது 20,000 ஆண்டுகளாக இருந்துவருவது தெரிந்தது. அதாவது அது காட்டை அழித்ததால் மிஞ்சிய பொட்டல் அல்ல. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இது தெரியவில்லை. அவர்களுக்கு மரம் இல்லாத மலை என்றால் வீணாகக் கிடக்கும் மலை. முதலில் விறகுக்காக ஆஸ்திரேலியாவின் சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் வந்தன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டு ஆலைகளுக்கு மரக்கூழும் தேவைப்பட்டதால் தோட்டங்கள் பெருகின. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. அந்த இடத்தை மரத்தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன.

சரி, இவ்வளவு பெரிய இழப்பு வந்து போகும் பயணிகளின் கண்ணில் ஏன் படவில்லை? இங்கே சுற்றுலா ஆய்வும் சூழல் உளவியலும் உதவிக்கு வருகின்றன.

1975-இல் ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: பிறர் பார்வையில் படாமல், தான் மட்டும் தூரத்தைப் பார்க்க முடிகிற இடத்தை மனிதர் இயல்பாக விரும்புகிறார்கள். முதுகுப் பக்கம் மலை, முன்னே பள்ளத்தாக்கு, நடுவே கைப்பிடிக் கம்பி என்று அமைந்த கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் கூட்டம் ஏன் குறைவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் புகைப்படங்களைக் காட்டி மக்களிடம் மதிப்பெண் கேட்டு வந்தார்கள். அடிநிலம் தெளிவாக, மரங்களுக்கிடையே பார்வை ஊடுருவக்கூடிய காடுகளுக்கு மதிப்பெண் கூடியது. வழி தெரியாத அடர்த்திக்கும், எந்தக் குறிப்பும் இல்லாத வெட்டவெளிக்கும் குறைந்தது.

பைன் தோட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சமவயது மரங்கள், புதர் இல்லை, எங்கே நடக்கலாம் என்பது பார்த்ததும் புரிகிறது. முழு மதிப்பெண்! சோலைக்காடு இருட்டு, ஈரம், அட்டை. பத்தடிக்கு மேல் கண் எட்டாது. புல்வெளியோ வெறுமை. மலையின் சொந்த முகங்கள் இரண்டுமே தோற்று, ஒரு மரத்தோட்டம் ஜெயிக்கிறது. அடிநிலம் இவ்வளவு தெளிவாக இருப்பதற்கே காரணம், உதிரும் ஊசியிலைக் குவியலில் வேறு செடிகள் எளிதில் முளைப்பதில்லை என்பதுதான். நமக்குப் பிடித்த அந்தச் சுத்தம், அங்கே உயிர்கள் குறைந்ததன் விளைவு.

விருப்பம் மட்டும் போதாது; அதைச் சுழலவைக்கும் பொறியும் உண்டு. சுற்றுலாப் பயணி தான் முன்பே பார்த்த படத்தைத் தேடிப் போய், அதையே மீண்டும் எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதைச் சமூகவியலாளர் ஜான் அர்ரி 1990 முதல் விரிவாக எழுதினார். கொடைக்கானலில் இதற்கு ஆதாரம் வெளிப்படையாகவே நிற்கிறது. டெவில்ஸ் கிச்சன் என்று ஆங்கிலேயர் அழைத்த பாறைப் பிளவுகள், 1991-இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு குணா குகையாகிவிட்டன. 2024-இல் இன்னொரு படம் வந்ததும் கூட்டம் பல மடங்கானது. பாறை அதே பாறைதான்.

இந்தக் குழப்பத்தின் விலையை நீரில் அளக்கலாம். நீலகிரியின் கிளென்மார்கனில் இயற்கைப் புல்வெளி ஓடைப் பரப்பையும் யூகலிப்டஸ் நட்ட பரப்பையும் ஒப்பிட்டார்கள். நட்டதிலிருந்து முதல் வெட்டு வரையிலான காலத்திலேயே, மரம் நட்ட பக்கம் வெளிவந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. வைகைக்கும் அமராவதிக்கும் தண்ணீர் அனுப்பும் பழனி மலைக்கு இது சின்னக் கணக்கல்ல. புல்லை மேயும் வரையாட்டுக்கும், புல்வெளியில் பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் மாற்றிடம் கிடையாது.

நெரிசலைக் குறைக்க உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். தேவையான நடவடிக்கைதான். ஆனால் வாகன எண்ணிக்கை ஒரு அடுக்கு மட்டுமே. எந்தச் சரிவில் எத்தனை பேர் மிதித்தால் புல் தாங்கும், எந்த ஓடையோரத்தில் கடையே கூடாது என்பதைச் சொல்ல இயல்பு வரைபடம் வேண்டும். அது இல்லாமல் மலையின் கொள்ளளவைக் கணக்கிட்டால், கிடைப்பது சாலையின் கொள்ளளவு.

அந்நிய மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடலாமே என்று தோன்றும். சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தால் கூட்டமாக முளைக்கும். பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகளே தலைகாட்டவும் தொடங்கியிருக்கின்றன. உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது அந்த அந்நிய மரங்களின் கவிகை. எனவே முதிர்ந்த தோட்டங்களை அவசரப்பட்டுத் தொட வேண்டாம் என்பது களத்தில் இருப்பவர்கள் பலரின் கருத்து. சாலையோரப் பைன் காட்டைப் படம் எடுப்பவர்களுக்கே விட்டுவிடலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. மிஞ்சிய புல்வெளிகளின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட சீகைக் கன்றுகளை, அவை விதை போடும் முன் வேரோடு பிடுங்கியாக வேண்டும்.