மூன்று அறை வீடும் 1 லட்சம் வருமானமும்: அரசு அளப்பது எந்த வறுமையை?

ரேஷன் அட்டை, மருத்துவக் காப்பீடு, மகளிர் உரிமைத்தொகை, முதியோர் ஓய்வூதியம் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் 'இது ஏழைக் குடும்பமா?' என்ற கேள்வி ஏதாவது ஒரு கட்டத்தில் வந்துவிடும். ஆனால் எல்லாத் திட்டங்களும் அதை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. அதனால் ஒரே குடும்பம் ஒரு திட்டத்தில் ஏழையாகவும் இன்னொன்றில் வசதியானதாகவும் பதிவாகிறது. குமரி மாவட்டத்தின் கருங்கல்லிலோ குலசேகரத்திலோ இ-சேவை மையத்துக்கு அலைகிறவர்களுக்கு இது அதிகாரியின் விருப்பம்போலத் தோன்றும். பெரும்பாலும் அதிகாரியின் விருப்பம் அல்ல, அளவுகோல்தான் வேறு. எந்த அளவுகோல் என்று தெரிந்தால் மனுவில் எதை எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

சமூகவியல் வறுமையை இரண்டாகப் பிரிக்கிறது. உயிர்வாழத் தேவையான உணவு, உடை, உறைவிடம், குடிநீர், மருந்து இவை கிடைக்காத நிலை முழு வறுமை. தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தில் சாதாரணம் என்று கருதப்படும் வாழ்க்கையை ஒரு குடும்பம் எட்ட முடியாமல் பின்தங்கி நிற்பது ஒப்பீட்டு வறுமை. முதலாவதில் பசியும் நோயும் தெரியும். இரண்டாவதில் பட்டினி இல்லாமல் இருக்கலாம். ஆனால் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூச்சம், பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத சங்கடம், ஊர்க்கூட்டத்தில் பேசத் தயக்கம் என்று அது வேறு வழிகளில் வெளிப்படும்.

இந்தியாவின் வறுமைக்கோடு முழு வறுமையின் வழியில் பிறந்தது. 1979-இல் ஒய்.கே. அலாக் தலைமையிலான பணிக்குழு, கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்து, அந்த உணவை உண்ணும் குடும்பங்களின் செலவைக் கோடாக எடுத்துக்கொண்டது. 2009-இல் அறிக்கை தந்த டெண்டுல்கர் குழு, கலோரியோடு மட்டும் கட்டிவைக்காமல் கல்வி, மருத்துவச் செலவையும் கணக்கில் சேர்த்தது. அந்த முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டுக்கான கோடு, ஒருவருக்கு மாதம் கிராமத்தில் 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய். நாளைக்கு ஏறத்தாழ 30 ரூபாய். 2014-இல் ரங்கராஜன் குழு அகில இந்தியக் கோட்டைக் கிராமத்துக்கு 972, நகரத்துக்கு 1,407 ரூபாய் என்று உயர்த்தச் சொன்னது.

கோடு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடியில் கிடப்பவரை முதலில் கண்டுபிடிக்க அது வந்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறவர் ஏழை இல்லை என்று படிப்பது தவறு. என் பார்வையில் நம் பொதுப்பேச்சில் நடக்கும் பெரிய குழப்பம் இதுதான்.

ஒப்பீட்டு வறுமைக்கு நிலையான தொகை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் நடு வருமானத்தின் 60 விழுக்காட்டைக் கோடாக வைக்கிறது. நடு வருமானம் என்பது எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வருமானம். கற்பனையாக ஐந்து வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். வீடுகளின் மாத வருமானம் 6,000, 9,000, 15,000, 25,000, 60,000. நடுவில் இருப்பது 15,000. அதில் 60 விழுக்காடு 9,000. முதல் வீடு கோட்டுக்குக் கீழே. இப்போது எல்லா வீட்டு வருமானமும் இரட்டிப்பானாலும் நடு வருமானம் 30,000, கோடு 18,000. முதல் வீட்டில் 12,000 வந்தும் அது கோட்டுக்குக் கீழேயேதான் இருக்கும். கடைசி வீட்டார் வெளிநாடு போய் மாதம் 6 லட்சம் அனுப்பினாலும் கோடு நகராது, நடுவீடு மாறவில்லை அல்லவா? சராசரியை எடுக்காமல் நடுவை எடுப்பது இதற்காகத்தான்.

'பக்கத்து வீட்டில் கார் இருக்கிறது, என்னிடம் இல்லை என்பது வறுமையா? அது பொறாமை' என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நல்ல பதில் 1983-இல் அமர்த்திய சென் முன்வைத்த வாதத்தில் இருக்கிறது. மனிதருக்கு வேண்டிய திறன்கள் எங்கும் ஒன்றுதான்: படிப்பது, நோயில்லாமல் இருப்பது, வெட்கமின்றி நாலுபேர் முன் நிற்பது. அந்தத் திறனை அடையத் தேவைப்படும் பொருள்தான் ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. 2020-இல் பள்ளிகள் மூடிப் பாடம் கைபேசிக்கு வந்தபோது இதை நேரில் பார்த்தோம். அதுவரை ஆடம்பரமாக எண்ணப்பட்ட ஸ்மார்ட்போன், ஒரே மாதத்தில் நோட்டுப் புத்தகத்தைப் போல அவசியமாகிவிட்டது. போன் இல்லாத பிள்ளை பாடத்தை இழந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகளில் சிக்னலும் சேர்ந்து பிரச்சினையானது.

ஆடையைக் கொண்டும் இதே வாதத்தைச் சொல்வார்கள். உடுத்தும் துணி உடலை மறைப்பதற்கு மட்டுமல்ல என்பதைத் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த இந்த மண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குக் காரணம் சாதி ஒடுக்குமுறை, வறுமை அல்ல. ஆனால் மனிதர் மதிப்போடு பொதுவில் நிற்பது வாழ்வின் அடிப்படைத் தேவை என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்லும் வரலாறு நம்மிடம் இல்லை.

இனி குமரிக்கு வருவோம். நிதி ஆயோக், வருமானத்தை அல்லாமல் ஆரோக்கியம், கல்வி, வாழ்க்கைத்தரம் சார்ந்த 12 குறியீடுகளை வைத்துப் பல பரிமாண வறுமையைக் கணக்கிடுகிறது. அதன்படி தமிழ்நாட்டில் ஏழைகளின் பங்கு 2015-16-இல் 4.76 விழுக்காடு, 2019-21-இல் 2.20 விழுக்காடு. கல்விக்கான ஒரு குறியீடு, வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது ஆறு ஆண்டு பள்ளிப்படிப்பை முடித்திருக்கிறாரா என்பது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகள் 'ஆம்' என்றுதான் சொல்லும். பொறியியல் முடித்து, கல்விக்கடன் பாக்கியோடு வேலையில்லாமல் இருக்கும் பையனின் வீடும் அங்கே தேர்ச்சி பெற்றுவிடும். குறியீடு தவறில்லை, அது முழு வறுமையைப் பிடிக்கச் செய்த வலை. குமரியின் கஷ்டத்தில் பெரும்பகுதி அதன் கண்களுக்குள் சிக்காது.

இங்கே வெளிநாட்டுப் பணம் வரும் வீடும், அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) பருப்பு உடைக்கும் பெண்ணின் வீடும், மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் ரப்பர் தொழிலாளியின் வீடும் ஒரே சாலையில் இருக்கின்றன. திருமணச் செலவு, பள்ளிக் கட்டணம், வீட்டின் தோற்றம் எல்லாவற்றுக்கும் அளவை நிர்ணயிப்பது முதல் வீடு. மற்ற இரண்டும் அதை எட்டக் கடன் வாங்குகின்றன. இதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு வரன் பார்க்கையில் ஊர் கேட்கும் கேள்விகளுக்கு ஏழை வீடும் பதில் சொல்லியாக வேண்டும்.

இனித் திட்டங்களின் அளவுகோல்கள்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது, தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் செயல்படுத்துகிறது. இதில் வறுமைக்கோடு நேரடியாக இல்லை. 9-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள்தொகையில் இத்தனை விழுக்காட்டினருக்குச் சலுகை உணவு தானியம் என்று ஒன்றிய அரசு முடிவுசெய்கிறது. தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79. அந்த எண்ணிக்கைக்குள் யார் வருவார்கள் என்பதை 10-ஆம் பிரிவின்படி மாநிலம் தீர்மானிக்கிறது. ஆக, 'முன்னுரிமை' அட்டை என்பது வரிசையில் உங்கள் இடம் எது என்று சொல்வது. மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் அந்த இடம் கிடைக்கிறது. நகரத்துக்கான பங்கு குறைவு என்பதையும் கவனியுங்கள். 2011 கணக்கின்படி குமரி மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். தென்னையும் வாழையும் சூழ்ந்த எத்தனையோ ஊர்கள் இங்கே பேரூராட்சிகள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும் என்பதால் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் இல்லை என்ற நிலையும் இதனால்தான் வந்தது.

மாநில அரசு 2017-இல் அரசிதழில் வெளியிட்ட விதிகள், வருமான வரி அல்லது தொழில்வரி கட்டுவோர், அரசு ஊழியர், 5 ஏக்கருக்கு மேல் நிலமுள்ளோர், சொந்த உபயோகத்துக்கு நான்குசக்கர வாகனம் வைத்திருப்போர், ஏ.சி. உள்ள வீடு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீடு, ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டிய குடும்பம் ஆகியவற்றை முன்னுரிமைப் பட்டியலிலிருந்து விலக்குகின்றன. ஏ.சி.யும் கார்களும் ஒப்பீட்டுக் குறிகள். 1 லட்சம் என்பது நிலையான கோடு. மூன்று அறை விதிதான் குமரிக்குப் பொருந்தாதது என்பேன். வள்ளத்தில் போய் மீன்பிடித்த காசும் கடனும் சேர்த்து, கடற்காற்றுக்குத் தாங்கட்டும் என்று கட்டிய கான்கிரீட் வீடு செல்வத்தின் அடையாளம் ஆகாது.

முன்னுரிமை இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி உண்டு, 2011 ஜூன் முதல் விலையில்லாமல். வேறுபாடு அளவில் தெரியும். முன்னுரிமை அட்டையில் சட்டப்படி ஆளுக்கு 5 கிலோ, ஆறு பேருக்கு 30 கிலோ. முன்னுரிமையற்ற அட்டையில் எத்தனை பேர் இருந்தாலும் உச்சம் 20 கிலோ. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. உங்கள் ஸ்மார்ட் அட்டையில் பி.ஹெச்.ஹெச். என்றிருந்தால் முன்னுரிமை, அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, என்.பி.ஹெச்.ஹெச். என்றால் முன்னுரிமையற்றது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். முன்பு 72,000 ஆக இருந்தது. நிலையான கோட்டின் பலவீனம் இதில் தெரிகிறது. விலைவாசி ஏறும்போது கோட்டை ஏற்றாவிட்டால், வாழ்க்கை சிறிதும் உயராமலே குடும்பங்கள் வெளியே போய்விடும். மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது வகுத்த விதியில் வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், கார் இருக்கக் கூடாது.

மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,80,000. உரிமைத்தொகையின் வருமான வரம்புக்குள் வருகிறது. காப்பீட்டுக்கு வராது, முன்னுரிமை அட்டைக்கும் வராது. ஒன்றில் தள்ளுபடியானதால் மற்றதற்கு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் கேரளம் உணவு, ஆரோக்கியம், வருமானம், உறைவிடம் என்ற நான்கைப் பார்த்து 64,006 அதிதீவிர வறுமைக் குடும்பங்களைக் கண்டறிந்து, 2025 நவம்பர் 1 அன்று அந்த நிலை ஒழிந்ததாக அறிவித்தது. தமிழ்நாடு 2024-இல் அறிவித்த தாயுமானவர் திட்டமும் மிகவும் வறிய 5 லட்சம் குடும்பங்களை இலக்காக வைத்தது. இரண்டும் முழு வறுமையைத் தேடும் திட்டங்கள். தனியாக இருக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, மனநோயாளி உள்ள வீடு உங்கள் தெருவில் இருந்தால் அவர்களால் மனு எழுத முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்கள் சொல்ல வேண்டும்.

மனு எழுதும்போது 'நாங்கள் மிகவும் ஏழைகள்' என்ற வரி அலுவலகத்தில் எதையும் அசைக்காது. விலக்கு விதி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள்: வாகனம் இல்லை, இத்தனை அறை, வருமானச் சான்றின் தொகை இவ்வளவு, வருமானம் எந்த மாதங்களில் நின்றுபோகிறது. கணவரை இழந்தவர் தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் என்றால் முதல் பத்தியிலேயே சான்றோடு குறிப்பிடுங்கள். அட்டை வகை தொடர்பான மனு வட்ட வழங்கல் அலுவலருக்கு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாமிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாவட்டக் குறைதீர் அலுவலரையும், 16-ஆம் பிரிவு மாநில உணவு ஆணையத்தையும் வைத்திருக்கிறது. முறையிடும்போது அந்த ரசீதின் நகலை இணையுங்கள்.