ஐசனோவர் எந்த 'வகை'?

"இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசனோவர் கொள்கைப் பிடிப்புள்ளவர் என்கிறார்கள். அவருடைய ஆளுமை வகை ஈ.எஸ்.டி.ஜே. என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரியா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தத் தளபதியின் மனம் எப்படி வேலை செய்தது என்பது அருமையான கேள்வி. ஆனால் அந்த நான்கு எழுத்துகளில் விடை இல்லை.

வகைகளின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1921இல் சுவிஸ் உளவியலாளர் யுங் எழுதிய ஆளுமை வகைகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் ஒரு வினாத்தாள் செய்தார்கள். அதுதான் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. அகமுகமா புறமுகமா, சிந்தனையா உணர்வா என்று நான்கு கேள்விகளுக்கும் ஆளை இரண்டில் ஒரு பக்கம் தள்ளி, பக்கத்துக்கு ஓர் எழுத்து கொடுத்தால் பதினாறு வகை வந்துவிடும். ஈ.எஸ்.டி.ஜே. அவற்றில் ஒன்று. சிக்கல் அந்தத் தள்ளுதலில்தான். மனிதர்களின் மதிப்பெண்கள் உயரத்தைப் போலப் பரவியிருக்கின்றன. பெரும்பாலானோர் நடுவில், ஓரங்களில் கொஞ்சம் பேர். 165 செ.மீ.க்கு மேல் 'நெட்டை', கீழே 'குட்டை' என்று கோடு போட்டால், 164உம் 166உம் எதிரெதிர் வகையாகிவிடும். சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதுபவர்களில் பலருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உளவியலாளர்கள் இன்று பெரும்பாலும் ஐந்து பண்புகளை (புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மனப் பதற்றம்), கோடு போடாமல், அளவாகவே அளக்கிறார்கள். இந்த ஐந்தைத் தெளிவாக எடுத்துக்காட்டிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றை 1961இல் டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் அமெரிக்க விமானப் படைக்காகத்தான் செய்தார்கள். இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் 1968இல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஒரு குண்டைப் போட்டார். ஒருவரின் பண்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் அவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள தொடர்பு எண் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.3ஐத் தாண்டுவது அரிது என்றார். அப்படியானால் 'குணம்' என்று ஒன்று உண்டா, இல்லையா?

விடை ஒரு கோடை முகாமில் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. நியூ ஹாம்ப்ஷயரில் நடத்தை சார்ந்த சிரமங்கள் உள்ள பிள்ளைகளுக்கான முகாம். யூயிச்சி ஷோடா, மிஷெல், ஜாக் ரைட் ஆகியோரின் குழு ஒவ்வொரு பிள்ளையையும் ஆறு வாரத்தில் சராசரியாக 150 மணி நேரத்துக்கும் மேல் கவனித்தது. எத்தனை முறை சண்டை போட்டான் என்று மட்டும் எண்ணவில்லை. அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் குறித்தார்கள். சக பிள்ளை கேலி செய்தானா, நட்போடு வந்தானா? பெரியவர் பாராட்டினாரா, எச்சரித்தாரா, தண்டித்தாரா? ஐந்து சூழ்நிலைகள்.

இரண்டு பையன்கள் ஆறு வாரத்தில் ஒரே அளவு சண்டை போட்டிருக்கலாம். வினாத்தாள் இருவரையும் 'முரடன்' என்றே சொல்லும். சூழ்நிலை வாரியாகப் பிரித்தால் படமே மாறிவிடுகிறது. ஒருவன் சக பிள்ளைகள் கேலி செய்தால் மட்டும் பாய்கிறான், பெரியவர் கண்டித்தால் அடங்கிப் போகிறான். இன்னொருவன் கேலியைச் சிரித்துக் கடக்கிறான், பெரியவர் எச்சரித்தால் கொதிக்கிறான். ஒரு பிள்ளை சூழ்நிலைக்குச் சூழ்நிலை மாறி நடக்கிறான். ஆனால் அந்த மாறும் முறை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. 'இப்படி நடந்தால், அப்போது இப்படிச் செய்வான்' என்ற அந்த வடிவத்தை ஆளுமையின் கையொப்பம் என்றார்கள். சராசரி எடுக்கும்போது இரைச்சல் என்று நாம் தூக்கிப் போட்டதற்குள்தான் ஆள் இருந்திருக்கிறான்!

இந்தக் கண்ணோடு ஐசனோவரிடம் வருவோம். 1944 ஜூன் 5. ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டி கரையில் படைகளை இறக்கும் திட்டத்தை வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போட்டு, மறுநாளைக்கு உத்தரவு கொடுத்தாயிற்று. தோற்றுவிட்டால் வெளியிடுவதற்காக ஒரு சிறு தாளில் பென்சிலால் எழுதுகிறார். அசதியோ பதற்றமோ, தேதியை ஜூலை 5 என்று போட்டுவிடுகிறார். படைகள் 'திரும்பப் பெறப்பட்டன' என்று முதலில் எழுதி, அதை அடித்து, 'திரும்பப் பெற்றுவிட்டேன்' என்று திருத்துகிறார். 'இந்த நடவடிக்கை' என்பதை அடித்துவிட்டு 'தாக்குவது என்ற என் முடிவு' என்று மாற்றுகிறார். பழி ஏதேனும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்து, அதன்கீழ் கோடும் இழுக்கிறார். வெற்றியை எதிர்பார்த்து வீரர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த அறிக்கையிலோ 'நீங்கள்', 'நாம்' என்பதே ஓங்கி நிற்கிறது. வெற்றி என்றால் பெயர் படைக்கு, தோல்வி என்றால் பழி எனக்கு. இதுதான் கையொப்பம்.

இது பிறவிக் குணமா? அவர் சாந்தமானவரே அல்ல. பத்து வயதில், ஹாலோவீன் இரவில் அண்ணன்மாரோடு வெளியே விடவில்லை என்று ஆப்பிள் மரத்தைக் கை ரத்தமாகும்வரை குத்தியவர். தாயார் காயத்துக்கு மருந்திட்டு, மனத்தை அடக்குபவன் நகரத்தைப் பிடிப்பவனைவிடப் பெரியவன் என்ற விவிலிய வசனத்தைச் சொன்னாராம். பிற்காலத்தில் யார் மீதாவது கோபம் வந்தால் அந்தப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையின் கடைசி இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். 'கோபம் வந்தால், எழுதிப் போடு.' இதுவும் ஓர் 'இப்படி நடந்தால், அப்போது'தான், தானே பழகிக்கொண்டது. இப்படி முன்கூட்டியே நிபந்தனை வைத்துத் திட்டமிடுபவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990களில் காட்டின.

முகாம் ஆய்வு போன்றவற்றுக்கு ஆளும் நாளும் பணமும் ஏராளமாக வேண்டும். கொடுக்க முன்வருபவர்கள் குறைவு. அரை மணி நேர வினாத்தாளுக்கு நிறுவனங்கள் அள்ளிக் கொடுக்கின்றன. மையர்ஸ்-பிரிக்ஸை வைத்து வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். ராசி பார்த்து வேலை கொடுப்பதைக் கண்டிக்கும் நாம் இதையும் அதே அளவு கண்டிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கையொப்பத்தில் ஒட்டாத இன்னொரு நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். 1952 அக்டோபர், அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரம். ஐசனோவர் வேட்பாளர். ஐசனோவரை உயர்த்திவிட்ட ஜெனரல் ஜார்ஜ் மார்ஷலைத் துரோகியைப் போலச் சித்தரித்து வந்தார் செனட்டர் மெக்கார்த்தி. மெக்கார்த்தியின் சொந்த மாநிலமான விஸ்கான்சினில் பேச வேண்டிய உரையில் மார்ஷலை ஆதரித்து ஒரு பத்தி இருந்தது. கட்சிக்காரர்கள் வற்புறுத்தவே, அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் பேசினார் ஐசனோவர். போர்க்களத்தில் பழி வந்தால் முன்னால் நின்றவர், ஓட்டு என்று வந்ததும் பின்வாங்கினார். 'கொள்கைவாதி' என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தவர்களுக்கு இந்த நிகழ்வு இடிக்கும். சூழ்நிலை வாரியாகக் குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு இது அட்டவணையில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.