மும்பையில் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை: எந்த அட்டை செல்லும்?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பல தமிழ்க் குடும்பங்களில் ரேஷன் கார்டு ஓர் ஊரிலும் ஆதார் முகவரி இன்னோர் ஊரிலும் இருக்கும். வீட்டுப் பெரியவருக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் என்று தெரியவரும்போதுதான் எந்தக் காகிதம் எங்கே செல்லும் என்ற கேள்வி எழுகிறது.

மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனா, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. வருமானம் குறைந்தவர்களுக்கான மஞ்சள், ஆரஞ்சு கார்டுகளுக்கு மட்டுமல்ல, வெள்ளை ரேஷன் கார்டுக்கும் இப்போது உண்டு. ஆனால் கார்டு மகாராஷ்டிரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பி மும்பைக்கு வர வேண்டாம். ஆயுஷ்மான் பாரத் பயனாளியாகப் பெயர் இருந்தால் அது மாநிலம் தாண்டியும் செல்லும். இருக்கிறதா என்று 14555 எண்ணில் கேட்கலாம்.

எழுபது வயது நிறைந்தவருக்கு இந்தக் கவலையே குறைவு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலேயே 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை. ஆதாரில் உள்ள வயது போதும். முதியவர்களை அதிகம் தாக்கும் நோய் இது என்பதால், முதலில் கேட்க வேண்டியது இந்த அட்டையைத்தான்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ‘ஆரோக்கியமித்ரா’ என்ற உதவியாளரின் மேசை இருக்கும். அங்கே தமிழர்களைத் தடுப்பது பெரும்பாலும் இன்ஷியல். ஆதாரில் ‘செல்வராஜ் மு’, ரேஷன் கார்டில் ‘செல்வராஜ் முத்தையா’ என்றிருந்தால் கணினி இருவரென்று எண்ணிக்கொள்ளும். சிகிச்சை தொடங்குமுன் இதைச் சரிசெய்வது நல்லது. திட்டத்தின் முன் அனுமதி இல்லாமல் கையிலிருந்து கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியும் என்று எண்ண வேண்டாம்.

இரவில் அடிக்கடி சிறுநீர் போவதை வயதின் கோளாறு என்று விட்டுவிட்டு, நோய் எலும்புக்குப் பரவி முதுகுவலி வந்த பிறகு வருபவர்கள் நம் நாட்டில் அதிகம். இந்த நோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை போன்ற புறநோயாளிச் செலவு பொதுவாகத் திட்டத்துக்கு வெளியே. ஆயுஷ்மான் பாரத்தில் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவு மட்டும் சேரும். சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு அறுவை அல்லது கதிர்வீச்சு. பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கிறார்கள். பரவிவிட்டால் ஆண் ஹார்மோனை அடக்க வேண்டும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி, இல்லையேல் விந்தகங்களை (ஆண் விதைகளை) நீக்கும் சிறிய அறுவை. ஹார்மோனை அடக்கும் இந்த வழியை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியது 1941-ல்.  விந்தக அறுவை ஒரே முறைச் செலவு, ஹார்மோனை அடக்குவதில் ஊசிக்குக் குறைந்ததல்ல; கூச்சத்தால்தான் பலர் ஒதுக்குகிறார்கள். ஊசியென்றால் ஆண்டுக்கணக்கில் போடவேண்டும். அது திட்டத் தொகுப்பில் வருமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே ஆரோக்கியமித்ராவிடம் கேளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்துபோகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் ரயில்வே படிவச் சான்றைப் பதிவு கவுன்ட்டரில் காட்ட வேண்டும்.