மீத்திறன் கணினியில் வெளியாருக்கும் பங்கு உண்டு: விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015-ஆம் ஆண்டு 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று திறக்கப்பட்ட, 838 டெராபிளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறன்கொண்ட சூப்பர் கம்ப்யூட்டருக்குப் 'பரம் பொருள்' என்று பெயர் வைத்தார்கள். கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாதது என்ற வகையில் பொருத்தமான பெயர்தான். பின்னணி இவ்வளவு போதும். அதன் திறனில் ஒரு பகுதி அருகிலுள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் என்று அரசின் திறப்பு அறிவிப்பே சொல்கிறது. ஆகவே கணினி நேரம் கேட்டுச் செல்லும் தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை, சமூகவியல் துறை ஆய்வாளர் யாரும் தயவு கேட்டுப் போவதாக நினைக்க வேண்டியதில்லை.

'ஒரு பகுதி' என்பது எத்தனை சதவீதம் என்று அந்த அறிவிப்பில் இல்லை. அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது; எண் இல்லாத உரிமையை மறுப்பவர் மறுத்ததாகவே தெரிவதில்லை. அதே அறிவிப்பு 'அறிவியல், பொறியியல்' துறைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், விண்ணப்பத்தை வாங்குபவர் மற்ற துறைகளுக்கு இடமில்லை என்று தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார். வேறொரு நகரத்து மையத்தில், பழைய தமிழ் இதழ்களின் பக்கப் படங்களை எழுத்துகளாக மாற்ற முனைந்த ஒரு முனைவர் பட்ட மாணவியிடம், "இதெல்லாம் கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்து வடிவில் மறுப்புத் தரவில்லை என்பதால் மேல்முறையீடு செய்யவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. மறுப்பு எதுவானாலும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் ஆய்வின் பெருமையை எழுதுவதைவிடக் கணக்கை எழுதுவது பயன் தரும். 'இதழியல் வரலாற்றை ஆராய்கிறேன்' என்ற வரியைப் படிக்கும் தொழில்நுட்ப அலுவலருக்கு என்ன ஒதுக்குவது என்று தெரியாது. 'இத்தனை ஆயிரம் பக்கப் படங்களைக் கொண்டு எழுத்துணரி மாதிரியைப் பயிற்றுவிக்க, இன்ன மென்பொருளின் இன்ன பதிப்பில், இத்தனை ஜி.பி.யு. மணி நேரம் வேண்டும்' என்று எழுதினால் அவரால் தட்டிக்கழிக்க முடியாது. (எழுத்துணரி என்பது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்; ஜி.பி.யு. என்பது ஒரே நேரத்தில் பல கணக்குகளைச் செய்யும் செயலி.) அந்த எண்ணைப் பெற, கையிலுள்ள கணினியில் நூறு பக்கங்களை ஓட்டி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துறைப் பட்டியலில் 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், கணினி மொழியியல், தரவு அறிவியல் போன்று பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். கணினித் துறை ஆசிரியர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்தால் கோப்பு விரைவாக நகரும். ஒரு துறை தன் வேலைக்கு இன்னொரு துறையின் கையெழுத்தை இரவல் வாங்க வேண்டியிருப்பது சரியன்று என்றாலும், இன்றைய நிலையில் அதுவே பலன் தருகிறது.

தகுதியில் பலர் சிக்குவது கையெழுத்தில்தான். பெரும்பாலான மையங்கள் நிரந்தர ஆசிரியரையே திட்டப் பொறுப்பாளராக ஏற்கின்றன. கௌரவ விரிவுரையாளரின் பெயரில் போகும் விண்ணப்பம், அவர் எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும், பெரும்பாலும் திரும்பி வரும். ஜிமெயில் முகவரியும் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால், கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் இல்லாதவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நெறியாளர் ஓய்வுபெறும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரோடு உங்கள் கணக்கும் ஓய்வுபெற்றுவிடலாம்.

கணக்குக் கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். நேரத்தைக் கோர்-மணி என்ற அளவில் கழிப்பார்கள். செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுதான் கோர்; ஒரு கோரை ஒரு மணி நேரம் பிடித்தால் ஒரு கோர்-மணி. 48 கோர்கள் கொண்ட கணு (சூப்பர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தனிக் கணினி) ஒன்றை முழுதாகப் பத்து மணி நேரம் பிடித்தால், உங்கள் நிரல் ஒரே கோரில் ஓடியிருந்தாலும் 480 கோர்-மணி போய்விடும். ஒதுக்கிய நேரம் முடிந்ததும் வேலை பாதியில் நிறுத்தப்படும் என்பதால், இடையிடையே முடிவுகளைச் சேமிக்கும்படி நிரலை எழுத வேண்டும். தற்காலிகச் சேமிப்பிடத்தில் உள்ள கோப்புகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் அழிக்கப்படும். அழிந்ததை மீட்டுத் தரச் சொல்லி யாரிடம் கெஞ்சினாலும் பயனில்லை.

வெளியாரிடம் கட்டணம் வாங்கும் மையங்களும் உண்டு. கோர்-மணிக்கு எவ்வளவு, ஜி.எஸ்.டி. தனியா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் முதல் வேலையை ஓட்டாதீர்கள். 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏ.ஐ. திட்டத்தின்கீழ் மாணவர்களும் ஆய்வாளர்களும் ஜி.பி.யு. நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம், செலவில் 40 சதவீதம் வரை மானியம் என்கிறார்கள். அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள்: அந்த 40 சதவீதம் முழுதாகக் கிடைத்தாலும் மீதி 60 சதவீதத்துக்குப் பணம் வேண்டும், அதை ஆய்வு உதவித்தொகையின் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கல்லூரி அலுவலகம் கேட்கும். முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், கணினியை வைத்திருக்கும் மத்திய நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்பலாம். ஆதங்கத்தை எழுதாமல் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: கடந்த நிதியாண்டில் வெளி நிறுவனங்களுக்குத் தரப்பட்ட கோர்-மணி எவ்வளவு, அதில் மொழி, வரலாறு, சமூக அறிவியல் துறைகளுக்குப் போனது எவ்வளவு, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதிலிலும் 'ஒரு பகுதி' என்றே எழுதியிருந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை.