சங்கீதம் வருது, என் பேரு வரலயா?

ஸ்ட்ரோக்ல பேச்சு போனவங்களுக்குப் பயிற்சி குடுக்குறது என் வேலை. நெல்லை, தூத்துக்குடி பக்கம் வீட்டுக்கே போய் பாக்குறேன், நிறைய பேர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரங்க. சுகத்துலயும் வியாதியிலயும் கைவிட மாட்டேன்னு கல்யாணத்தன்னிக்கு எல்லாரும்தான் சொல்றோம், அந்த 'வியாதி'ங்கற வார்த்தைக்குள்ள பெட்பேன், வாயோரம் வழியுற கஞ்சி, படுக்கைப்புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்கிறது இவ்வளவும் இருக்குன்னு பட்டுச்சேலையில நிக்கும்போது யாருக்குத் தெரியும்.

ஒரு அண்ணாச்சி, ரிட்டயர்டு வாத்தியார், சேகரக் கமிட்டியிலயும் (சபை நிர்வாகக் குழு) இருந்தவர் (அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை மாத்திருக்கேன்). நடு ராத்திரி வாய் கோணி வலது கை தொங்கிப் போச்சு. விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு தைலம் தேச்சு விட்டுட்டு இருந்துட்டாங்க. இதை மட்டும் சத்தமாவே சொல்றேன்: வாய் கோணுச்சா, கை தொங்குச்சா, பேச்சு குழறுச்சா, அப்பவே 108ஐக் கூப்பிடுங்க, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. ஜெபத்தை ஆம்புலன்ஸ்ல உக்காந்து பண்ணலாம்.

நான் போனப்போ அவர் வாயில வந்தது ஒரே வார்த்தை, "ச்சீ போ". தண்ணி வேணும்னாலும் ச்சீ போ, பாத்ரூம் வந்தாலும் ச்சீ போ. முப்பத்தி ரெண்டு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனதில்ல தம்பி, இப்போ மனசுல இருந்தது வெளிய வருதோன்னு அவர் சம்சாரம், நான் அக்கான்னு கூப்பிடுறவங்க, கேட்டாங்க. இல்லக்கா, இதுக்கு அஃபேசியான்னு பேரு, பெரும்பாலானவங்களுக்கு மொழி மூளையோட இடது பக்கம் இருக்கு, அங்க அடிபட்டா யோசிச்சுப் பேசுற பேச்சு போயிரும், ஆனா பழகிப்போன வசவு, ஒண்ணு ரெண்டு எண்றது, மனப்பாடமான ஜெபம், பாட்டு இதெல்லாம் சிலருக்கு தப்பிச்சு நிக்கும்னு விளக்குனேன். தலையாட்டினாங்க, நம்புன மாதிரி தெரியல.

ஒருநாள் குடும்ப ஜெபத்துல அக்கா "கர்த்தர் என்"னு ஆரம்பிச்சு இருமல்ல நிப்பாட்ட, கட்டில்ல இருந்து "மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்"னு தெளிவா வந்துருக்கு. வேதத்துல (பைபிள்ல) சங்கீதம்னு வர்ற ஜெபப்பாட்டுல ஒண்ணோட வரி அது. மறுநாள் நான் போனா வீடு முழுக்க ஸ்தோத்திரம், அக்கா மட்டும் அடுக்களையில நின்னு அழுதுட்டு இருந்தாங்க. "சங்கீதம் வருது தம்பி, என் பேரு வரலயா?"

இந்தக் கோவத்தை யார்கிட்டயும் சொல்ல முடியலன்னாங்க. சொன்னா விசுவாசம் கொறஞ்சவன்னு பேராயிரும்ல. வர்றவங்க எல்லாம் கர்த்தர் உன்னைப் புடமிடுறார், அதாவது சோதிச்சுச் சுத்தமாக்குறார்னு சொல்லிட்டு ஆப்பிளை வச்சுட்டுப் போயிருவாங்க. எனக்கு வேதத்துல வர்ற யோபு, சொத்தும் பிள்ளைகளும் போய் உடம்பெல்லாம் புண்ணோட கிடந்தவர், அவரோட மனைவி ஞாபகம்தான் வரும். தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்னு சொன்னவள்னு பிரசங்கத்துல திட்டுறோம், செத்துப்போன பத்து பிள்ளைகளும் அவ பெத்ததுதானே, அதை யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? என் சுவாசம் என் மனைவிக்கு வேறுபட்டிருந்ததுன்னு யோபே 19ஆம் அதிகாரத்துல சொல்றார். நோயாளி ரூம் நாத்தம் வேதத்துலயே இருக்கு, நாமதான் அதைச் சொல்லக் கூச்சப்படுறோம். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும்னு பவுல் சொன்னது உண்மைதான், ஆனா தூக்கமில்லாத உடம்புல பொறுமை வராது, எரிச்சல்தான் வரும், அது அன்பு கொறஞ்சதுன்னு அர்த்தம் இல்ல.

அந்த சங்கீதத்தையே பயிற்சியாக்குனோம். அக்கா பாதி சொல்லி நிறுத்தணும், மிச்சத்தை அவர் முடிக்கணும், அப்புறம் "குடிக்க தண்ணி..." "தா", இப்படி. அவசரப்பட்டு அவருக்குப் பதிலா சொல்லிரக்கூடாது, மனசுக்குள்ள பத்து எண்ணணும். அந்தப் பத்து எண்றதுக்குள்ள அவர் முகத்தையே பாத்துட்டு இருக்கணும்ல, கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல தம்பின்னு சிரிச்சாங்க.

அஞ்சாவது மாசம். சனிக்கிழமை சாயங்காலம், அக்கா மருந்து எடுத்துட்டு வர, அவர் இடது கையால அவங்க மணிக்கட்டைப் புடிச்சு, "போ"ன்னார். அக்கா முகம் வாடிப் போச்சு. பொறுங்கன்னு சைகை காட்டுனேன். ரொம்ப நேரம் கழிச்சு, நெத்தி வேர்த்து, "கோயில்... போ". அவங்க அஞ்சு மாசமா ஆராதனைக்குப் போகலங்கறது அவர் மனசுல கிடந்திருக்கு, அவளை அனுப்பி விடணும்னு அவருக்குத் தோணிருக்கு. தாங்குறது ஒருத்தர் வேலைன்னு நாம நினைக்கிறோம், கட்டில்ல கிடக்குறவரும் தன்னால ஆனதைத் தாங்கிட்டுதான் இருந்திருக்கார்.

நானே ஐயருக்கு, அதான் சபை போதகருக்கு, போன் போட்டேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துன்னு வசனம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை காலையில மூணு மணி நேரம் ரெண்டு பையங்களை அனுப்புங்கன்னேன். பையங்களுக்கு சொல்லிக் குடுத்தேன், செயலிழந்த கையைப் புடிச்சு இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்பட்டை நழுவிரும், படுத்த வாக்குல தண்ணி குடுக்கக் கூடாது, நிமிர்ந்து உக்கார வச்சு, நான் சொன்ன பக்குவத்துல கெட்டியா கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும்.

அடுத்த தடவை போனப்போ ஆராதனை எப்டிக்கா இருந்துச்சுன்னு கேட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்தேன் தம்பி, ஐயர் பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்கிட்டேன், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி வசூல் பண்ற அறிவிப்புலதான் முழிச்சேன்னாங்க. கட்டில்ல இருந்து சிரிப்புச் சத்தம், அப்புறம் "ச்சீ போ".