கவர்னர்: டர்பைனைச் செலுத்தும் மீகாமன்

கல்யாண மண்டபத்தில் மின்சாரம் போய் டீசல் ஜெனரேட்டர் ஓடும்போது கவனித்துக் கேளுங்கள். யாரோ ஏசியைப் போட்டதும் இன்ஜின் ஒரு கணம் திணறும், விளக்குகள் லேசாக மங்கும். அடுத்த நொடியே உறுமல் ஏறி எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேகம் குறைந்ததை உணர்ந்து டீசலைக் கூட்டிவிட்டது ஒரு கருவி. மெக்கானிக்குகள் அதைக் கவர்னர் என்கிறார்கள். அனல்மின் நிலைய டர்பைனிலும் இதே பெயர், இதே வேலை. டீசலுக்குப் பதில் அங்கே நீராவி வால்வு.

இயந்திர மொழிபெயர்ப்புகளில் இது ‘டர்பைன் ஆளுநர்’ ஆகிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. சொல்லின் வேரில் ஆட்சி இல்லை, கடல் இருக்கிறது. சுக்கான் பிடிக்கும் மீகாமன் கப்பலைத் திசை பிடித்துச் செலுத்துவதைக் கிரேக்கர்கள் ‘குபெர்னான்’ என்றார்கள். அது லத்தீனில் ‘குபெர்னாரே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கவர்னர் ஆனது. நாட்டை ஆள்பவர் என்ற பொருள் உவமையாக ஏறியதுதான். கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூலில் கட்டுப்பாட்டையும் தகவல் பரிமாற்றத்தையும் ஆராயும் துறைக்குச் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற பெயரைத் தந்தபோது, கவர்னர்களைப் பற்றி இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1868இல் எழுதிய கட்டுரையை நினைவுகூர்ந்தே அதே கிரேக்க வேரை எடுத்தார். இன்று நாளேடுகளில் வரும் ‘சைபர் குற்றம்’ வரை அந்தச் சுக்கான்காரர் வந்துவிட்டார்.

ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இன்ஜினில் பொருத்திய கவர்னரில் இரண்டு உலோகக் குண்டுகள் ஒரு தண்டோடு சேர்ந்து சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலெழும்பும், அவற்றோடு இணைந்த நெம்புகோல் நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து வழி திறக்கும். துடுப்புப் போடுவது மீகாமனின் வேலை அன்று. கலம் விலகுவதை உணர்ந்து சுக்கானைத் திருப்புவதே அவன் வேலை. மீகாமன் என்பது நம் பழஞ்சொல். மாலுமியும் சுக்கானும் அரபு வழி வந்தவை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஆளி’ என்றால் இலங்கைத் தமிழர்களுக்கு அது சுவிட்ச். ‘வேகக் கட்டுப்பாட்டுக் கருவி’ பஸ், லாரிகளில் இருப்பதற்குச் சரி, ஏனென்றால் அது வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் போக விடாது, அவ்வளவே. டர்பைன் கவர்னரோ குறைந்தால் கூட்டவும் செய்கிறது. ஆகவே ‘வேகச் சீராக்கி’ என்பதே என் தேர்வு. விளக்கிச் சொல்லும் இடத்தில் மீகாமனை அழைத்துக்கொள்ளலாம்.

வேகத்துக்கு ஏன் இத்தனை காவல்? இரு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்தொகுப்பில் இணைந்த எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. தேவை உற்பத்தியை மிஞ்சினால் அத்தனையும் சேர்ந்தே வேகம் இழக்கும். இந்தியாவில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை என்பதே விதித்த வரம்பு. 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது, அப்போது தென்மண்டலத்தின் தாளம் தனி என்பதால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்த பிறகு நாடு முழுவதும் ஒரே அதிர்வெண். அன்றுமுதல் பஞ்சாபில் ஒரு மின் உற்பத்தி யூனிட் நின்றாலும் நம் ஊர் சீராக்கிகள் அதை உணர்கின்றன.

இங்கே இன்னொரு சொல்லும் வேண்டும். ஒவ்வொரு சீராக்கியும் துல்லியமாக 50ஐயே பிடித்து நிற்க முயன்றால், கண நேரத்தில் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளத் தொடங்கிவிடும். அதனால் சுமை ஏற ஏற வேகம் சற்றே இறங்கும்படி அமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ட்ரூப்’ (droop) என்று பெயர். தமிழில் ‘தொய்வு’ என்றால் பழுது போலத் தொனிக்கிறது. வரைபடத்தில் சாய்கோடாகத் தெரிவதால் ‘சரிவு’ என்பதே பொருத்தம். 500 மெகாவாட் யூனிட்டுக்குச் சரிவு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 50இல் 5 சதவீதமான 2.5 ஹெர்ட்ஸ் இறக்கத்துக்கு முழுத் திறனும் ஈடு. அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் இறங்கினால் அது 20 மெகாவாட் கூடுதலாகத் தரும். எல்லா யூனிட்டுகளும் தத்தம் அளவுக்கேற்ப இப்படித் தோள் கொடுக்கும்போது இறக்கம் நிற்கும், ஆனால் 50க்குத் திரும்பாது. மீதித் தூரம் ஏற, மின்தொகுப்பை மேற்பார்க்கும் மையத்திலிருந்து தனி ஆணை போகவேண்டும்.